எட்டு புள்ளி நான்கு

போன மாதம் கோ மின் இன்சீனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர் அவர்தான். நல்ல பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வாழைப்பழச் சீப்பை இரண்டு கையாலும் நீட்டி, "சயா" என்று கூப்பிட்டுத்தான் உட்கார்ந்தார். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். நான் ஆசிரியன் இல்லை, கடைசி வரை செய்முறை வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் டெமான்ஸ்ட்ரேட்டர்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

கையில் ஒரு துண்டறிக்கை வைத்திருந்தார். தொற்றுக்காக ஒரு தரம் மூடி, பிறகு நாட்டு நிலவரத்துக்காக இன்னொரு தரம் மூடிய கல்லூரியில் இப்போது சேர ஆள் குறைவு. படிக்கிற வயதில் உள்ளவர்கள் எல்லாம் பாஸ்போர்ட் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே ஆள் பிடிக்க அறிக்கை அடித்திருக்கிறார்கள். 'பயன்பாட்டு அறிவியல் படியுங்கள், படித்த கையோடு வேலைக்குப் போங்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் குடுவையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். குடுவைக்குள் அழகான நீலம். அது சட்டைக்குப் போடுகிற நீலம் என்று கோ மின்னே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. புது மாணவர்களுக்காக என் வேலை அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அடுத்து, என் அலமாரியில் இருக்கும் பழைய செய்முறைப் பதிவேடு ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு இரவல் தர வேண்டும்.

பக்கத்தை அன்றைக்கே பர்மிய மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பணிவும் நன்றியும் நிறைந்த நல்ல பக்கம். இந்தத் தமிழ்ப் பக்கங்களை யாரும் கேட்கவில்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வேலாயுதம். பள்ளிப் பதிவிலும் வேலைப் பதிவிலும் பர்மியப் பெயர், தான் மாங்; முன்னால் கோ, ஊ என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள். அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எனக்குப் பொறியியலுக்கு வேண்டிய மதிப்பெண் இருந்தது, ஆனால் தாத்தா எந்த வருடம் கப்பலில் வந்து இறங்கினார் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. தாள் இல்லாதவனுக்குப் பொறியியல் இல்லை என்றார்கள். கெமிஸ்ட்ரியில் தொழிற்சாலைப் பிரிவு இருக்கிறது, படித்தால் சோப்புக் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி என்று எங்கேயும் நுழையலாம் என்று யாரோ சொல்ல, அப்பா அதையே பிடித்துக்கொண்டார். நான் படித்து முடித்தபோது ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை காலியானபோது எனக்காக நாலு அலுவலகம் ஏறி இறங்கி அதை வாங்கிக் கொடுத்தவர் பிறகு எங்கள் துறைத் தலைவியான டோ ந்வே ந்வே. நாங்கள் அவரைச் சயாமாஜீ என்போம், பெரிய டீச்சர் என்று அர்த்தம். அந்த நன்றி கடைசி வரை என் கழுத்தில் கிடந்தது.

அவரைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான உடம்பு, கன்னத்தில் வட்டமாகத் தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு, கொண்டையில் ஒரே ஒரு பூ. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் மாட்டினால் கண் மட்டத்துக்குக் குனிந்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அளவைப் பார்ப்பார். நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொட்டை வடிதாளால் ஒற்றி எடுப்பார். ஒரு மாணவன் அதை ஒற்ற மறந்தால் திட்ட மாட்டார், அவன் பக்கத்திலேயே பேசாமல் நிற்பார். பையன் வியர்த்துப்போவான். அடுத்த வாரத்திலிருந்து மறக்க மாட்டான்.

கஷ்டம் எங்கே வந்தது என்றால் மருந்துகளில்தான். ஜூன் மாதம் இன்ன இன்ன வேண்டும் என்று இண்டெண்ட் எழுதி அனுப்புவோம். ஜனவரியில், பாதி சாமான் இல்லாமல், மீதி லேபிள் இல்லாமல் வந்து சேரும். பரீட்சையோ பிப்ரவரியில். பாடத்திட்டத்தில் இருபது செய்முறை உண்டு, இருபதும் செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால்தான் பட்டம். சயாமாஜீ வருடத்துக்கு மூன்று முறை தலைமை அலுவலகத்துக்குப் பட்டியலோடு போய், நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ அப்படிப் போய் வந்து, கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மருந்து இல்லை என்றால் தண்ணீரை வைத்துச் செய்வோம், கோ தான் மாங். கையாவது பழகட்டும்."

அதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

எப்படிச் செய்தோம் என்று ஏழாம் செய்முறையை வைத்துச் சொல்கிறேன். தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிப்பது. உப்புத் தன்மையுள்ள தண்ணீரில் நிறங்காட்டி என்ற மருந்தைத் துளி போட்டால் ஒயின் சிவப்பாக மாறும். பியூரெட்டிலிருந்து இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சிவப்பு போய் நீலமாகிவிடும். அந்த இடத்தில் குழாயை மூடி, எவ்வளவு செலவானது என்று படித்தால் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தெரியும். கடினமே இல்லாத தண்ணீர் என்றால் சிவப்பே வராது, முதலிலேயே நீலம்.

எங்களிடம் நிறங்காட்டியும் இல்லை, கரைசலும் இல்லை. பியூரெட்டில் குழாய்த் தண்ணீர், குடுவையிலும் குழாய்த் தண்ணீர். இருபது பேர் வரிசையாக நின்று சொட்டு விடுவார்கள், குடுவையைச் சுழற்றுவார்கள். நிறம் மாறியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணாடிக் கம்பியால் மேசையை ஒரு தட்டு தட்டுவேன். தட்டினால் நீலமாகிவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் குழாயை மூடி, குனிந்து, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, நான் முன்பே சொல்லிவைத்த எட்டு புள்ளி நான்கை எழுதுவார்கள். கடைசியாக மருந்து இருந்த வருடம் எங்கள் குழாய்த் தண்ணீருக்கு நிஜமாகவே வந்த அளவு அது. ஆகவே பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்ற கல்லூரிகளில் தண்ணீர்கூட விடுவதில்லை, எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. வெட்கக்கேடு.

நான் ஓய்வு பெறச் சில வருடம் முன்பு வசந்தா வந்து சேர்ந்தாள். இன்சீன் பஜாரில் பூ விற்கும் பாக்கியத்தின் மகள். கல்லூரிப் பதிவில் அவள் பெயர் மா சான் டா. வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண் என்பதால், யாரும் பக்கத்தில் இல்லாதபோது என்னிடம் தமிழில் பேசுவாள். முத்து முத்தான கையெழுத்து. பதிவேட்டை வாரம் தவறாமல் அட்டை போட்ட சுத்தத்தோடு கொண்டுவந்து வைப்பாள்.

ஏழாம் செய்முறை முடிந்த வாரம் கையெழுத்துப் போட அவள் பதிவேட்டைத் திறந்தேன். அளவு எழுதும் கட்டத்தில் எண் இல்லை. 'நிறங்காட்டி இல்லாததால் பரிசோதனை செய்யப்படவில்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருத்தரும் செய்யாத காரியம். அவளைக் கூப்பிட்டு, இப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போட முடியாது, கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றேன்.

"செய்யலையே சயா," என்றாள். எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. தெரியாமல் கேட்டாள்.

என் மேசை டிராயரிலிருந்து அழிரப்பரை எடுத்து அவளிடம் கொடுத்தேன். எழுதியது அழுத்தமான எழுத்து. அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து பஞ்சுபோல ஆகிவிட்டது. அதன்மேல் எட்டு புள்ளி நான்கு என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி, அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று கேட்டாள். ஒயின் மாதிரி என்றேன். ஒயினை அவள் எங்கே பார்த்தாள்? புளிச்சகீரைத் தண்டு நிறம் என்று வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

பட்டம் வாங்கிய அடுத்த மாதமே அவளுக்கு வேலை கிடைத்தது. தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பாலத்தைத் தாண்டி, ஜீன்ஸ் துணி வெளுக்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே நீராவிக்குப் பெரிய பாய்லர் உண்டு. பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பு இருந்தால், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல உள்ளே குழாய்களில் வெள்ளையாகப் படியும். படிவு தடித்தால் குழாய் சூடேறி வெடித்துவிடும். ஆகவே தண்ணீரை முதலில் உப்பு நீக்கும் தொட்டி வழியே விட்டு, தினம் காலையில் பரிசோதித்துப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஏழாம் செய்முறைதான். பாக்கியம் பஜாரில் என்னைக் கண்டதும் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிக் கையில் திணித்து, "ஒங்களாலதாண்ணே அவ வெள்ளைக் கோட்டு போட்டா," என்றாள். வீட்டில் என் மனைவியிடம் அதை மூன்று தரம் சொன்னேன்.

பதினோரு மாதம் கழித்துப் பாய்லர் குழாய் வெடித்தது. பக்கத்தில் நின்ற பாய்லர்காரர் கோ அவுங் உடம்பெல்லாம் வெந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனார். குழாய்களை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு. உப்பு நீக்கும் தொட்டி பல மாதமாகச் செத்துக் கிடந்திருக்கிறது. வசந்தாவின் நோட்டிலோ தினமும் ஒரே வாசகம்: 'நீலம். கடினத்தன்மை இல்லை.'

சோதிக்காமலே எழுதினாள் என்றார்கள். வேலை போவதோடு நிற்காது, போலீஸ் வழக்கு வரும் என்று பேச்சு வந்தது. தொழிற்சாலையில் விசாரணை வைத்து, அவள் படித்த கல்லூரியிலிருந்து ஒருவர் பதிவேட்டோடு வர வேண்டும் என்று கடிதம் அனுப்பினார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான், ஆகவே நான்தான் போக வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை சயாமாஜீ என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வழக்கமான மெல்லிய குரலில் பேசினார்.

"புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். அந்தப் பெண் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னால், இங்கிருந்து போன ஒருவரும் பார்த்ததில்லை என்று ஆகிவிடும். அவர்கள் எல்லாம் எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள்."

நான் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் சாஸரில் தேநீர் சிந்தியது. அதை வடிதாளால் ஒற்றி எடுத்தார்.

தொழிற்சாலை மாடியில் ஒரு அறை. மேலாளர், டவுன்ஷிப் அதிகாரி ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் வசந்தா. முகம் சுண்டிப் போயிருந்தது, ஆனால் அழவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

விசாரணை பர்மிய மொழியில் நடந்தது. தினமும் சோதித்தேன் என்றாள் அவள். அங்கிருந்த நிறங்காட்டியைத்தான் போட்டேன், நீலமாகத்தான் இருந்தது, நீலம் என்றால் உப்பு இல்லை என்றுதான் படித்தேன் என்றாள். அதிகாரி அந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். தூரத்திலிருந்து பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. கரைத்து வைத்த நிறங்காட்டி சில வாரத்தில் செத்துவிடும். அது வருடக்கணக்காய் இருந்த பாட்டில். கடல் தண்ணீரில் போட்டாலும் ஒரே மங்கல் நீலம்தான் காட்டும். நிஜச் சிவப்பை ஒரு தரம் பார்த்தவள் என்றால் இரண்டாம் நாளே சந்தேகப்பட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பாள். இவள் பார்த்ததில்லை. பதினோரு மாதம் ஒரு நாள் தவறாமல், செத்த மருந்தை வைத்துக்கொண்டு, கண் மட்டத்துக்குக் குனிந்து, நுனிச் சொட்டை ஒற்றி எடுத்து, ஒழுங்காகச் சோதித்திருக்கிறாள்.

சிவப்பு வர வேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்று அதிகாரி கேட்டார். கல்லூரியில் பார்த்ததே இல்லை, சயா மேசையைத் தட்டுவார், தட்டினால் நிறம் மாறிவிட்டது என்று எழுதுவோம் என்றாள். அதிகாரிக்கு விளங்கவில்லை. அது என்ன தட்டுவது என்று என் பக்கம் திரும்பினார். பதிவேடு என் முன்னால் திறந்து கிடந்தது. கட்டத்தில் எட்டு புள்ளி நான்கு, பக்கத்தில் என் கையெழுத்து, எண்ணுக்கு அடியில் மெலிந்துபோன காகிதம். வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடுமோ என்று பயந்து, என்னை அறியாமலே உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் தமிழில் பேசினாள். அந்த அறையில் எனக்கு மட்டும் புரிகிற மொழியில்.

"நீங்க தட்டுவீங்கல்ல சயா. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் பர்மிய மொழியில் அதிகாரிக்குப் பதில் சொன்னேன். வகுப்பில் சத்தம் அதிகமானால் அமைதிப்படுத்த மேசையைத் தட்டுவது வழக்கம் என்றேன். இருபது செய்முறையும் செய்திருக்கிறாள், நல்ல மாணவி, பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது என்றேன். குமாஸ்தா எழுதிக்கொண்டார். நல்ல மாணவி என்று நான் சொன்னதுதான் அவளை முடித்தது. தெரிந்தவள், தெரிந்தே சோதிக்காமல் விட்டாள் என்று ஆயிற்று. அவள் அதற்குப் பிறகு எந்த மொழியிலும் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் ஒரு வருடம் சிறையில் இருந்தாள். இன்சீனில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட ஏறினால் சிறைச் சுவர் தெரியும். அந்த வருடம் முழுக்க என் மனைவிதான் துணி காயப்போட்டாள். பாக்கியம் ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடி, "எம்பொண்ணு பொய் சொல்லுவாளாண்ணே?" என்று கேட்டாள். மாட்டாள் என்றேன். இந்த வாசலில் சொல்லத் தெரிந்ததை அந்தத் தொழிற்சாலை மாடியில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் திரும்பிப் போய்விட்டாள். இன்றைக்கும் நான் பஜாருக்கு மீன் கடைப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறேன், பூக்கடை வழியாக இல்லை.

வெளியே வந்த வசந்தா எல்லை தாண்டித் தாய்லாந்து போய்விட்டாள். அங்கே மகாச்சாய் என்ற ஊரில் இறால் உரிக்கிறாளாம். சயாமாஜீ போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. எனக்குப் பிரிவு உபசார விழா வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பியூரெட்டை வைத்துப் பரிசு கொடுத்தார்கள். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். விசாரணையிலிருந்து திரும்பி வந்த பதிவேடு கல்லூரியில் யாருக்கும் வேண்டாததாய்க் கிடந்தது, நானே எடுத்து வந்துவிட்டேன். எதற்கு எடுத்து வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எரிக்கவும் மனம் வரவில்லை.

கோ மின் இரவல் கேட்டது அந்தப் பதிவேட்டைத்தான். இப்போது பாதி நாள் மின்சாரம் இல்லை, மருந்து விலை கையைச் சுடுகிறது, பழைய அளவுகள் இருந்தால் மாணவர்களை அதைப் பார்த்து எழுதச் சொல்லலாம் என்றார். எடுத்துக் காட்டியபோது, கையெழுத்து அழகாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்டார். ஒரு பெண், வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அதையும் உங்கள் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள் சயா, பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாம் செய்முறை. எட்டு புள்ளி நான்கை அழித்தேன். ஏற்கெனவே மெலிந்த காகிதம், ஓர் ஓரத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதைச் சுற்றி, அவள் அன்று எழுதிய அதே வாசகத்தை என் கையால் எழுதினேன். நிறங்காட்டி இல்லாததால் பரிசோதனை செய்யப்படவில்லை. என் பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியும் போட்டேன். படிக்கிற பிள்ளைகளில் ஒன்றாவது அந்தப் பக்கத்தில் நின்று யோசிக்காதா என்று ஓர் ஆசை. எழுதி முடித்தபோது, பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு இழுத்து விட்டதுபோல இருந்தது. கோ மின் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

நேற்றுக் காலை ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்தார். பின்னால் மாணவர்கள் பேசுகிற சத்தமும் கண்ணாடிச் சாமான்களின் சத்தமும் கேட்டன. அவசரத்தில் இருந்தார்.

"சயா, ஏழாம் செய்முறைப் பக்கம் கெட்டுப்போயிருக்கிறது. அங்கே என்ன எண் இருந்தது?"

"எட்டு புள்ளி நான்கு," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டு, போனை மூட மறந்து அப்படியே மேசையில் வைத்துவிட்டார். வகுப்புக்கு அவர் அந்த எண்ணைப் படித்துக் காட்டுவதும், இருபது பென்சில்கள் எழுதுகிற சத்தமும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.